கரண்ட் வைக்கும் நாட்களில்

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொன்னால் முதலில் போக வேண்டியது பல் டாக்டரிடம். சொத்தைப் பல், ஆடும் பல்லையெல்லாம் முன்பே எடுத்துவிட வேண்டும். அந்த இடம் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அப்புறம் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். எத்தனை வருடம் கழித்துப் பல்லுக்குப் போனாலும், "இங்க கரண்ட் வெச்சிருக்குங்க" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்பா திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி டிரைவர். ராத்திரியில் கண் அசராமலிருக்கப் புகையிலை அடக்கிப் பழகியவர். நாக்கில் ஆபரேஷன் முடிந்து, வாரம் 5 நாள் வீதம் 6 வாரம் கரண்ட். தலை அசையாமலிருக்க மாஸ்க் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். சில நிமிடம்தான், வலி கிடையாது. மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்துவிட்டது. எச்சில் கெட்டியாகி நூல் நூலாக இழுத்தது. "போதுங் கண்ணு, நிறுத்திரலாம்" என்றார்.

நிறுத்தவே கூடாது. நடுவில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருகும். வீட்டில் நாங்கள் பட்ட பாடெல்லாம் ஒரு நாளும் விடாமல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான்.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் கொப்பளிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் ஆகவே ஆகாது. எரிச்சல் உயிரை எடுக்கும்.

சாப்பாடுதான் பெரும்பாடு. புளி, காரம், ரசம், புளித்த மோர் எல்லாம் நின்றுபோயின. எங்கள் பக்கம் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. வழவழவென்று இறங்கும், ஆனால் அது வெறும் மாவு. தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டும். பாலில் ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து, அடுப்பிலிருக்கும்போதே அடித்த முட்டையை ஊற்றிக் கிளறுவேன். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். பச்சை முட்டை குடித்தால் தெம்பு என்பார்கள். இந்த உடம்புக்கு அது கிருமியைக் கூப்பிட்டு வைப்பது. டாக்டர் கொடுத்த மரத்துப்போகும் மருந்தைத் தடவியபின், வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பேன். வாரா வாரம் எடை பார்க்க வேண்டும். எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாக ட்யூப் போடச் சொல்வார்கள். மறுக்காதீர்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. ட்யூப் இருந்தாலும், டாக்டர் அனுமதித்தால் வாய் வழியாக நாலு மடக்காவது விழுங்க வேண்டும். பழக்கம் விட்டால் தொண்டை மறந்துவிடும்.

கழுத்துத் தோல் கறுத்து உரியும். காலர் சட்டை வேண்டாம், பழகிய பருத்தித் துண்டு போதும். பிளேடு, பவுடர், அக்கம்பக்கத்தார் சொல்லும் மஞ்சள் பற்று எதுவும் கிட்டே வரக் கூடாது. வெயிலில் குடையில்லாமல் இறங்கவும் கூடாது.

தாடை இறுகுவது மெல்ல மெல்லத்தான் தெரியும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று தினமும் பாருங்கள். சொல்லிக்கொடுத்த வாய்ப் பயிற்சியைக் கரண்ட் முடிந்த பின்னும் விடாதீர்கள். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது சகஜம். அப்பா சோர்ந்து படுத்தபோது வயசு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டிஎஸ்ஹெச் பரிசோதனையில்தான் காரணம் தெரிந்தது. 6 மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு தடவை அதைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.