ரோத்தாங் கணவாய்

இமாசலப் பிரதேசத்தின் மணாலி நகரினின்று வடக்கே ஏறக்குறைய 51 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறிச் சென்றால் ரோத்தாங் கணவாயை அடையலாம். அதன் உயரம் 3,978 மீட்டர். அங்குக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்களவே. ஏறுவோர்க்கு மூச்சு வாங்கும், தலை நோவும். மனிதர்க்கு மட்டுமோ? மோட்டார் வண்டியின் பொறியும் காற்றை உண்டே உழைப்பதாகலின், அதுவும் இளைக்கும்.

மாணவர்களே, அங்குக் காலை வானத்தை நம்புதல் ஆகாது. கதிரவன் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்றுச் சூடேறி மேலெழும். இருமருங்கும் மலைமதில் தடுக்க, இடையிலுள்ள கணவாயே அதற்கு வாயிலாகும். ஆதலின், நண்பகலுக்குப்பின் முகில் சூழ்ந்து பனிப்புயல் வீசுதலும் உண்டு. முற்பகலிலேயே கடந்துவிடுக என்று வழியறிந்தோர் கூறுவது இதுபற்றியே. பகலில் உருகிய பனிநீர் இரவில் உறைந்து, சாலை கண்ணாடி போலாகும். அதன்மீது சக்கரம் பற்றாது. இறக்கத்தில் பிரேக்கைத் திடீரென மிதித்தால் வண்டி வழுக்கும். தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குதலே தக்கது.

தென்புறம் தேவதாருக் காடுகள் செறிந்த குலுப் பள்ளத்தாக்கு; வடபுறமோ மழைமேகம் எட்டாத வறண்ட லாகூல். குளிர்காலத்தில் கணவாய் பனியால் மூடுண்டு, லாகூல் மக்கள் திங்கள் பல வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தனர். நோயுற்றாரை மருத்துவமனை சேர்ப்பதும் அரிதாயிற்று. பனியில் நடந்து கடக்க முயன்று மாண்டோரும் உளர்.

2020 அக்டோபர் 3 அன்று, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கவழி திறக்கப்பட்டது. மிகுபனி பொழியும் நாள்கள் நீங்கலாக, மாரியிலும் அம்மக்கள் மலையின் அடிவழியே மணாலிக்கு வந்து செல்கின்றனர்.