டியாகோ கார்சியா யாருடையது?

கேள்வி: சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக பிரிட்டன் 2025-இல் கையெழுத்திட்டது. ஆனால் அவற்றில் ஒன்றான டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அப்படியே இருக்குமாம். கொடுத்த மாதிரியும் இருக்கிறது, கொடுக்காத மாதிரியும் இருக்கிறதே! அங்கே குடியிருந்தவர்கள் இனி ஊர் திரும்பலாமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். தீவு எந்த நாட்டுக்கு என்ற முதல் கேள்விக்கு அறுபது ஆண்டு இழுபறிக்குப் பின் ஏறக்குறைய விடை வந்துவிட்டது. குடியிருந்தவர்கள் கதை வேறு.

1814 பாரிஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸோடு சேர்த்தே சாகோஸும் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து பிரிட்டனுக்கு மாறியது. இடையில் சுமார் 2,000 கிலோமீட்டர் கடல் கிடந்தாலும் நிர்வாகம் ஒன்றுதான். வம்பு 1965-இல் வந்தது. இந்தியப் பெருங்கடலின் நடுவே அமெரிக்காவுக்கு ஒரு தளம் தேவைப்பட்டது. மொரீஷியஸ் விடுதலை கேட்டு லண்டனில் பேசிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன், மொரீஷியஸ் தலைவர் ராம்கூலமிடம் சாகோஸைப் பிரித்துத் தரும்படி நெருக்கினார். விடுதலை கையில் வருமா வராதா என்ற நிலையில் இருந்தவரிடம் வாங்கிய சம்மதம் அது. ஈடாகக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. அமெரிக்காவோ பிரிட்டனுக்கு விற்ற போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1.4 கோடி டாலரைச் சத்தமில்லாமல் தள்ளிக் கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே அப்போது அது தெரியாது.

ஒன்று கவனியுங்கள். அப்போது செஷல்ஸிடமிருந்தும் மூன்று தீவுக் கூட்டங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1976-இல் செஷல்ஸ் விடுதலை பெற்றபோது அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே தளம் எதுவும் அமையவில்லை. அதனால் மனம் எளிதாக வந்தது என்பேன்.

சாகோஸில் ஆளில்லாமல் இல்லை. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், பின்னால் வந்த இந்திய ஒப்பந்தக் கூலிகள் என்று தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்புகளில் கொப்பரை எடுத்து வாழ்ந்தார்கள். அங்கே நிரந்தரக் குடிகள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, எல்லோரும் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று எழுதிவைத்தார்கள். கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி யாரும் இருக்கப்போவதில்லை என்று பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் உயரதிகாரி ஒருவர் 1966-இல் குறிப்பே எழுதினார். 1968-இலிருந்து 1973-க்குள் சுமார் 1,500 பேரை, அதற்கு மேலும் இருக்கலாம், மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் புகையூட்டிக் கொன்றார்கள். 1982-இல் 40 லட்சம் பவுண்டு தந்தபோது, இனி திரும்பிவரக் கேட்கமாட்டோம் என்ற ஆங்கிலத் தாள்களில் பலரிடம் கைநாட்டு வாங்கினார்கள்.

வழக்குகள் நீண்டவை. வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களில் ஒருவரான ஒலிவியே பான்கூல், ஊர் திரும்பும் உரிமை கேட்டு 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2004-இல் மன்னர் பெயரிலான பழைய ஆணை அதிகாரத்தைத் தூசுதட்டி எடுத்து, நாடாளுமன்றத்தில் வைக்காமலே அரசு திரும்பும் வழியை அடைத்தது. 2008-இல் பிரபுக்கள் அவை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று அதைச் சரி என்றார்கள். பிறகு மொரீஷியஸ் வேறு கதவைத் தட்டியது. 2019-இல் சர்வதேச நீதிமன்றம், மொரீஷியஸின் விடுதலை சட்டப்படி முழுமையாகவில்லை, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, 6 நாடுகள் எதிர்த்தன.

2025 மே 22 ஒப்பந்தம் அதன் விளைவு. உரிமை மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியாவை மட்டும் பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகையில் வைத்துக்கொள்ளும், ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு வாடகை. கையெழுத்தோடு இது நடைமுறைக்கு வந்துவிடாது, இரு நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒப்பந்தப்படி மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, டியாகோ கார்சியாவில் கிடையாது. ஆகவே அந்தத் தீவில் பிறந்தவர்களுக்குச் சொந்த ஊர் இல்லை. சாகோஸ் மக்களிடையே ஒரே குரலும் இல்லை. பான்கூல் தரப்பு ஒப்பந்தத்தை வரவேற்றது. பிரிட்டனில் வாழும், டியாகோ கார்சியாவில் பிறந்த இரு பெண்கள் கையெழுத்தாகவிருந்த அன்று காலையில் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் அது விலகியது. 1965-இலும் சாகோஸ் மக்கள் பேச்சு மேசையில் இல்லை, 2025-இலும் இல்லை. மொரீஷியஸின் வாதம் சட்டப்படி வலுவானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாட்டின் உரிமை நிலைநாட்டப்பட்டால் குடிகளின் உரிமையும் தானாக வந்துவிடும் என்று எண்ணுவதற்கு இந்த ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை.