தலையில் கத்தரி வைத்தவன்

பெற்றோர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மாணவர் பகுதியில் இந்த முறை ஒரு வீடியோ கேமில் வரும் எதிரியைப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் போட வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். முப்பது வருடங்களுக்கு முன் நானே அப்படிக் கேட்டிருப்பேன்.

தொண்ணூறுகளில் என் மகன் இங்கே மும்பையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம். டி.வி.யோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். கார்ட்ரிட்ஜ்களை நண்பர்களிடம் இரவல் வாங்கி வருவான். பரீட்சை வந்தபோது அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டவன் நான்தான். அவன் எதை ஆடினான், எதில் தோற்றான் என்று ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சென்ற கோடை விடுமுறையில் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தான். ஆபீசிலிருந்து வந்த மகன் திரையைப் பார்த்ததும், பையைக்கூடக் கீழே வைக்காமல், "டேய், கட்ஸ்மேனை ஜெயிச்சுட்டேல்ல? அப்ப கல்லைத் தூக்கி எறிடா" என்றான். பேரன் எறிந்தான். இரண்டே கல். எதிரி வெடித்துச் சிதறினான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"நீங்க பரண்ல போட்டீங்களே அப்பா, அந்தப் பெட்டியில ஆடினதுதான்."

அந்த எதிரியின் பெயர் கட்மேன். இனி பாடத்துக்கு வருவோம்.

ஆட்டத்தின் ஜப்பானியப் பெயர் ராக்மேன். அமெரிக்காவில் அதையே மெகாமேன் என்று பெயர் மாற்றி விற்றார்கள். நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டிக்காக, ஒசாகா நகரத்து கேப்காம் நிறுவனம் தயாரித்து, 1987 டிசம்பர் 17-ந் தேதி ஜப்பானில் வெளியிட்டது. திட்டமிட்டவர் அகிரா கிட்டமுரா. படம் வரைந்தவர்களில் ஒருவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கெய்ஜி இனாஃபுனே என்ற இளைஞர். ஆட்டம் முழுவதும், பாட்டு, படம், எதிரிகள் எல்லாம் சேர்த்து, 128 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் இடத்தில் இதைப்போல் இருபது ஆட்டங்களை வைத்துவிடலாம்.

தாவிக் குதித்து, பள்ளங்களைத் தாண்டி, வழியில் வருபவற்றைச் சுட்டுக்கொண்டு போகும் ஆட்டம் இது. அந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் முதல் கட்டம் முடிந்தால்தான் இரண்டாம் கட்டம். ராக்மேனில் ஆறு கட்டங்களும் தொடக்கத்திலேயே திறந்திருக்கின்றன. எதில் வேண்டுமானாலும் நுழையலாம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் இயந்திர மனிதன் காத்திருப்பான். பிள்ளைகள் "பாஸ்" என்பது அவனைத்தான். அவனை வென்றால் அவனுடைய ஆயுதம் நமக்குக் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்தவனிடம் போகலாம்.

எந்த ஆயுதம் யாருக்குப் பலிக்கும்? இங்கேதான் ஜப்பானியக் குழந்தைகளின் ஒரு கை விளையாட்டு உள்ளே வருகிறது. நம் பிள்ளைகளும் பள்ளி பஸ்ஸில் ஆடுவதுதான்: கல், காகிதம், கத்தரி. ஜப்பானில் அதற்கு ஜான்கென் என்று பெயர். கல் கத்தரியை மழுக்கும், கத்தரி காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லை மூடும். மூன்றில் எது பெரியது என்று கேட்டால் பதில் கிடையாது. இந்த யோசனையைத்தான் தயாரித்தவர்கள் ஆறு பேருக்கு நீட்டினார்கள்.

மாணவர்கள் ஒரு தாளில் வட்டம் போட்டு, கடிகாரம் போல ஆறு புள்ளி வையுங்கள். முதல் புள்ளியில் கட்மேன், தலையில் கத்தரிக்கோல் வைத்தவன். அவன் எறியும் வெட்டுக்கத்தி எலெக்மேனை வீழ்த்தும். மின்கம்பியைக் கத்தரித்தால் மின்சாரம் ஏது? எலெக்மேனின் மின்னல் ஐஸ்மேனை வீழ்த்தும். ஐஸ்மேனின் பனி ஃபயர்மேனின் நெருப்பை அணைக்கும். ஃபயர்மேனின் நெருப்பு பாம்மேனின் வெடிகுண்டுத் திரியைப் பற்ற வைக்கும். பாம்மேனின் குண்டு, பாறை போன்ற உடம்புள்ள கட்ஸ்மேனைத் தகர்க்கும். பாறையைத் தூக்கி எறியும் கட்ஸ்மேனின் வலு கட்மேனிடம் வந்து நிற்கும். கல் கத்தரியை மழுக்கியாயிற்று, வட்டமும் மூடியாயிற்று. மின்னல் ஏன் பனியை வெல்ல வேண்டும் என்பதற்கு மட்டும் எனக்கு நல்ல காரணம் தோன்றவில்லை. வட்டம் மூட வேண்டுமே என்று வைத்திருப்பார்கள் போலும்.

நம் புராணங்களில் அசுரன் வரம் வாங்கும்போது ஓர் ஓட்டை விட்டுவிடுவான். மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் சாகக்கூடாது என்று கேட்ட இரணியனுக்கு இரண்டுமாக ஒருவர் வந்தார். அங்கே பலவீனம் அசுரனின் மறதியில் இருக்கிறது. இங்கே ஒருவனுடைய பலவீனம் இன்னொருவனின் கையில் இருக்கிறது. ஆறு பேரில் எவனையும் தனியாகப் புரிந்துகொள்ள முடியாது.

இப்போது ஒரு கணக்கு. வட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி இல்லை. ஆகவே முதலில் யாரிடம் போனாலும் அவனுக்கேற்ற ஆயுதம் நம்மிடம் இருக்காது. கையில் இருக்கும் சாதாரணத் துப்பாக்கியோடு, பொறுமையோடு, ஒருவனையாவது வென்றாக வேண்டும். பழகிய ஆட்டக்காரர்கள் பலர் பாம்மேனிடம் தொடங்குவார்கள். அவன் குண்டுகளை எறிவதற்கும் வெடிப்பதற்கும் இடையில் நகர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும். பிறகு கட்ஸ்மேன், கட்மேன், எலெக்மேன், ஐஸ்மேன், கடைசியில் ஃபயர்மேன் என்று வட்டத்தைச் சுற்றி வந்துவிடலாம். எலெக்மேனிடம் முதலில் போய்ப் பாருங்கள். அவனுடைய மின்னல் மூன்று முறை பட்டால் கதை முடிந்தது.

கட்மேனை எப்படி எதிர்கொள்வது? அவனுக்கும் நமக்கும் உயிர் அளவு 28 கோடுகள். அவன் நம்மை நோக்கி நடந்தும் தாவியும் வருவான். தலையிலிருக்கும் கத்தரியை நாம் நிற்கும் இடம் பார்த்து வீசுவான். அது வளரி போல வளைந்து அவனிடமே திரும்பும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கத்தரி பறந்துகொண்டிருக்கும்போது அவன் தலை மொட்டையாக இருக்கும். அவ்வளவு சிறிய, இத்தனை குறைந்த வண்ணங்களால் ஆன பொம்மையில் இதைக் காட்ட வேண்டும் என்று ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். தலையில் கத்தரி இல்லையென்றால் அவன் கை வெறுங்கை. நெருங்கிச் சுடலாம். சுட்டால் பின்வாங்குவான். பேரன் பத்து முறைக்கு மேல் தோற்றதன் காரணம், அவன் பறக்கும் கத்தரியையே பார்த்தான், தலையைப் பார்க்கவில்லை.

கல் விஷயத்துக்கு வருவோம். கட்மேனின் அறையில் இரண்டு கற்கட்டிகள் இருக்கும். கட்ஸ்மேனை முன்பே வென்றவர்களுக்கு மட்டுமே அவற்றைத் தூக்கும் வலு உண்டு. மற்றவர்களுக்கு அது வெறும் தடுப்புச் சுவர். ஒரு கல் பட்டால் 28-ல் பாதி போகும், இரண்டாவதில் மீதி. குறி தவறினால் மூன்றாவது கல் கிடையாது, பழையபடி துப்பாக்கிதான். முப்பது வருடம் கழித்தும் என் மகன் மறக்காமல் வைத்திருந்தது இந்த இரண்டு கற்களைத்தான். வகுப்பில் படித்த வேறெதையாவது இப்படி ஞாபகம் வைத்திருக்கிறானா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் யார் இந்தக் கட்மேன்? முதல் ஆட்டத்தைப் போட்டால் முன்கதை எதுவும் திரையில் வராது. நேரே ஆறு முகங்கள்தான் தெரியும். கதை வேறிடத்தில் இருக்கிறது. டாக்டர் லைட் என்ற நல்ல விஞ்ஞானி இயந்திர மனிதர்களைப் படைக்கிறார். ராக் என்பவன் அவருக்கு ஆய்வுக்கூட உதவியாளன். ரோல் என்ற பெண் வீட்டு வேலை செய்பவள். (இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால் ராக் அண்ட் ரோல் என்ற இசை வரும்.) பிறகு வெளி உலக வேலைக்காக அறுவரைச் செய்கிறார். கட்ஸ்மேனுக்கு நிலம் வெட்டிச் சீர் செய்யும் வேலை. ஐஸ்மேனுக்குப் பனிப்பிரதேச ஆராய்ச்சி. பாம்மேனுக்குப் பாறை தகர்த்தல், ஃபயர்மேனுக்குக் குப்பை எரித்தல், எலெக்மேனுக்கு மின் நிலையம். கட்மேன் மரம் வெட்டும் தொழிலாளி. தலையில் இருப்பது அவனுடைய வேலைக் கருவி.

டாக்டர் வைலி என்ற பொறாமைக்காரர் அறுவரின் மூளையையும் மாற்றி, உலகைப் பிடிக்க ஏவிவிடுகிறார். ராக் தானே முன்வந்து தன்னைப் போர் இயந்திரமாக மாற்றிக்கொள்கிறான். ஆக, நாம் சுட்டுத் தள்ளும் எதிரி நேற்று வரை காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். சுடுகிறவனும் அதே பட்டறையில் பிறந்தவன்தான். இதைச் சொன்னபோது பேரன் சற்று நேரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். பிறகு, "அப்ப அவனை ரிப்பேர் பண்ண முடியாதா தாத்தா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி கேப்காம்காரர்களுக்கும் பின்னால் தோன்றியிருக்க வேண்டும். நடுவில் 1994-ல் அமெரிக்காவில் வந்த கார்ட்டூன் தொடரில் கட்மேனும் கட்ஸ்மேனும் வைலியின் கோமாளி அடியாட்களாகத்தான் வந்தார்கள், அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2006-ல் கைக்கு அடக்கமான பி.எஸ்.பி. கருவிக்கு முதல் ஆட்டத்தையே புதுப்பித்து வெளியிட்டார்கள். அதில் ஒரு விதி வைத்தார்கள்: எந்தச் சிறப்பு ஆயுதமும் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கியால் மட்டுமே ஒருவனை வென்றால், அவன் நம் பக்கம் வந்துவிடுவான். அதன் பிறகு கட்மேனாகவே ஆட்டத்தை ஆடலாம். அப்படி ஆடும்போது கட்மேன் நிற்க வேண்டிய இடத்தில் எதிரியாக வந்து நிற்பவன் யார் தெரியுமா? ராக்மேன்!

கல்லால் அடித்தால் எளிதாக வெல்லலாம், ஆனால் அவன் கிடைக்கமாட்டான். மகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கே இது புதுச் செய்தி.

2008-ல் வந்த ஒன்பதாவது ஆட்டம் இன்னும் ஒரு படி போனது. வேண்டுமென்றே பழைய ஃபேமிகாம் கால உருவத்திலேயே அதைச் செய்திருந்தார்கள். அதில் வரும் எட்டுப் பேரும் டாக்டர் லைட் செய்த தொழிலாளிகளே. அணை கட்டிய கான்கிரீட்மேன் அவர்களில் ஒருவன். குறிப்பிட்ட காலம் முடிந்த இயந்திரங்களை உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. உழைத்தது போதும், இனி நீ தேவையில்லை என்று தேதி குறித்தாகிவிட்டது. அந்தப் பயத்தைப் பயன்படுத்தித்தான் வைலி அவர்களைத் தன் பக்கம் இழுக்கிறார். இந்த ஊரில் ஆலைச் சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததைக் கேட்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்கள் இந்தக் கதையைச் சின்னப் பிள்ளை விஷயம் என்று சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, பயிற்சி. 1988-ல் இரண்டாவது ராக்மேன் தயாரானபோது, எதிரிகளை நீங்களே வரைந்து அனுப்புங்கள் என்று கேப்காம் ஜப்பானியப் பிள்ளைகளைக் கேட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றிலிருந்து எடுத்து உருவாக்கியவர்கள்தான் அந்த ஆட்டத்தின் எட்டு எதிரிகள். வழக்கம் தொடர்ந்தது. 1993-ல் வந்த ஆறாவது ஆட்டத்தில் நைட்மேன், விண்ட்மேன் இருவரும் வட அமெரிக்காவிலிருந்து வந்த படங்கள்.

நீங்களும் ஒருவனை வரையுங்கள். விதிகள் மூன்று. முதலில் அவனுடைய வேலையை எழுத வேண்டும், ஆயுதம் அந்த வேலையிலிருந்துதான் பிறக்க வேண்டும். இரண்டாவது, அவனை எது வீழ்த்தும், ஏன் என்று நாலு வரி தமிழில் எழுத வேண்டும். மூன்றாவது, மூன்றே வண்ணங்கள். ஃபேமிகாமில் ஓர் உருவத்துக்கு அவ்வளவுதான் கிடைத்தது. இருந்த வண்ணங்களில் நீலத்தில்தான் அதிகச் சாயல்கள் இருந்தன, அதனால்தான் ராக்மேன் நீலமானான் என்று இனாஃபுனே சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் வரைந்து கொடுக்கக் கூடாது. பக்கத்தில் உட்காரலாம்.

என் பேரன் டப்பாவாலாமேனை வரைந்திருக்கிறான். வெள்ளைத் தொப்பி, தோளில் மரச்சட்டம், அதிலிருந்து டிபன் பாக்ஸ்களைச் சுழற்றி எறிவான். பலவீனம் என்ற இடத்தில் "மழை" என்று எழுதினான். மழையிலும் அவர்கள் வந்துவிடுவார்களே, அது செல்லாது என்று அவன் அப்பா அடித்துவிட்டான். ரயில் நின்றால் என்ன செய்வார்கள் என்று பையன் கேட்கிறான். இருவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.