குரல் நரம்புக்குக் காவல்: தைராய்டு அறுவைக்கு முன் எதைக் கேட்டு வாங்குவது?

தைராய்டை எடுத்தாக வேண்டும் என்றதும் பலரும் தழும்பு தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். குரலைப் பற்றிய கவலை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது வருகிறது. கூடவே 'நரம்பு மானிட்டர்' வைப்பதா வேண்டாமா என்ற பேச்சும், அதற்கான கூடுதல் பில்லும்.

குரல்நாண்களை அசைக்கும் நரம்பு சுற்றுவழியில் வருவது. கழுத்தில் கீழே இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும் வலப்பக்கம் காறையெலும்புக்கு அடியிலுள்ள தமனியையும் சுற்றிக்கொண்டு, தைராய்டின் முதுகை ஒட்டியே மேலேறுகிறது. அதைத் தேடாமல் விட்டுவிடுவதே நல்லது என்று பலர் நம்பிய காலத்தில், தேடிக் கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று 1938-இல் எழுதினார் பாஸ்டன் மருத்துவர் ஃபிராங்க் லாஹே. இன்றைக்கும் அடிப்படை அதுதான். மானிட்டர் அதற்கு மேல் ஒரு துணை. ஆனால் நரம்பு அறுபடுவது அபூர்வம், இழுபடுவதே அதிகம். இழுபட்ட நரம்பு பார்வைக்கு முழுசாகவே இருக்கும். வேலை செய்கிறதா என்பதைக் கண் சொல்லாது.

அதைச் சொல்வது மானிட்டர். மூச்சுக்குழாயில் வைக்கும் டியூபிலேயே மின்முனைகள் இருக்கும். அவை குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். மருத்துவர் நரம்பில் சுமார் ஒரு மில்லிஆம்பியர் மின்சாரம் கொடுத்தால் திரையில் அலை எழும். இதில் வம்பும் உண்டு. டியூப் சற்று நகர்ந்தாலோ, மயக்க மருத்துவர் நீண்டநேரத் தசைத்தளர்வு மருந்து கொடுத்திருந்தாலோ, நல்ல நரம்பும் ஊமையாகத் தெரியும். பழகிய மருத்துவர் அப்போது குரல்வளையின் பின்புறம் விரலை வைத்துத் தசை துடிக்கிறதா என்று பார்ப்பார். பழகாதவர் கையில் இந்தக் கருவியால் குழப்பமே மிச்சம்.

அவ்வப்போது தொட்டுப் பார்க்கும் இந்த வகை, சேதம் நடந்த பிறகுதான் சொல்லும். தொடர் கண்காணிப்பில், கழுத்தில், குரல் நரம்பு கிளைத்துவரும் வேகஸ் நரம்பில் ஒரு மின்முனையை மாட்டிவிடுகிறார்கள். அலையின் உயரம் பாதியாகக் குறைந்து, வந்து சேரும் நேரமும் பத்து சதவீதம் நீண்டால் எச்சரிக்கை. உடனே இழுப்பைத் தளர்த்தினால் நரம்பு பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அந்த மின்முனைக்காகக் கூடுதலாகத் திறக்க வேண்டும், செலவும் அதிகம்.

என் கணக்கு இது. முதல் அறுவை, ஒரு பக்கம் மட்டும், அடிக்கடி தைராய்டு செய்யும் கை என்றால் மானிட்டர் இல்லையே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது நிரந்தரச் செயலிழப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் ஐயமற நிறுவவில்லை. மறு அறுவை, நெஞ்சுக்குள் இறங்கிய கழலை, நரம்பை ஒட்டிய புற்று, ஏற்கெனவே ஒரு நாண் அசையாத நிலை: இவற்றில் கேட்டே வாங்குங்கள், வசதியிருந்தால் தொடர் வகையை. பாடகர்களுக்கும் அப்படியே. உச்சக் குரலுக்கான நரம்பு தனி. அது தைராய்டின் மேல்முனை அருகே தசைக்குள் ஒளிந்திருக்கலாம். மின்சாரம் கொடுத்துத் தசை துடிப்பதைப் பார்த்து அதைத் தேடலாம்.

இரண்டு பக்கமும் எடுப்பதானால் மானிட்டருக்கு உண்மையான வேலை உண்டு. இரு நாண்களும் அசையாமல் நின்றால் மூச்சே அடைபடும், தொண்டையில் துளையிட நேரலாம். ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: "முதல் பக்கத்தில் சிக்னல் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" நிறுத்திவிட்டு மறுபக்கத்தைப் பின்னொரு நாள் பார்ப்போம் என்றால் கொடுக்கும் பணத்துக்குப் பொருளுண்டு. எப்படியும் முடித்துவிடுவோம் என்றால், அந்தப் பெட்டி எதற்கு?

எந்த வழியானாலும் அறுவைக்கு முன்னும் பின்னும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கேமரா வைத்து நாண்களைப் பார்த்துவிடுங்கள். ஒரு நாண் நின்றாலும் மற்றது ஈடுகட்டிக் குரலைச் சரியாகக் காட்டலாம். அறுவைக்குப் பின் காற்றுக் கலந்த குரலோ, தண்ணீர் குடிக்கையில் புரையேறுவதோ இருந்தால் தானாகச் சரியாகட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். குரல் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.