வண்டூர் வாசலுக்குப் புன்னையா, நோலினாவா?

கேள்வி: ஐயா, தெற்கு அந்தமானில் வண்டூர் பக்கம் எங்கள் வீடு. கடல் கூப்பிடு தூரம்தான். பழைய வீட்டை இடித்துக் கட்டியதில் முன்புறம் நாற்பதுக்கு முப்பது அடி மண்தரை மிச்சம். சென்னையில் என் தங்கை மாடியில் நோலினா என்று ஒரு செடி வைத்திருக்கிறாள். அடியில் பானை மாதிரி பருத்து, மேலே நீளநீளமாகப் புல் தொங்குகிறது. பாலைவனச் செடி, தண்ணீரே கேட்காது என்கிறாள். மார்ச், ஏப்ரலில் இங்கே தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அதனால் வாசலின் இரண்டு பக்கமும் அதையே நட்டுவிட ஆசை. ராமநாதபுரம் கடற்கரை ஊரில் பிறந்த என் மாமனாரோ, "புன்னையை விட்டுட்டு என்னத்துக்கும்மா புல்லை நடுறே?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, வண்டூர்

பதில்: மாமனார் சொல்வதைக் கேளுங்கள். அதற்காகத் தங்கையின் செடியை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மண்ணில் நடாதீர்கள், அவ்வளவுதான்.

நம்மூர் நர்சரிகளில் நோலினா என்று விற்பது, இன்றைய தாவரவியல் கணக்கில் பியூகார்னியா. அசல் நோலினா என்பது அரிசோனா, சொனோரா பக்கத்தில் தரையோடு புதராக வளர்வது, அது வேறு. நீங்கள் பார்த்தது கிழக்கு மெக்சிகோவின் காய்ந்த மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. புல்லும் இல்லை, சில கடைகளில் எழுதி வைத்திருப்பதுபோலப் பாமும் இல்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கு, மருள், ஆனைக்கற்றாழை எல்லாம் இருக்கும் குடும்பம்தான் அதற்கும். உலகம் முழுக்கத் தொட்டியில் இருக்கும் இந்தச் செடி சொந்தக் காட்டில் அருகிப்போனதால், 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்த மாநாட்டில் அதன் வணிகத்துக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

அதன் பிழைப்பு முழுவதும் அந்தப் பருத்த அடியில் இருக்கிறது. மழை பெய்யும் சில மாதங்களில் குடித்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, மீதி மாதங்களை அதை வைத்தே ஓட்டும். உங்கள் ஊரில் கணக்கு தலைகீழ். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, 3,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. தென்மேற்கும் வடகிழக்கும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, மே முதல் டிசம்பர் வரை மண் காயவே நேரம் கிடைப்பதில்லை. நீங்கள் பயப்படுவது நான்கு மாதக் கோடைக்கு. இந்தச் செடியைக் கொல்லப்போவது மற்ற எட்டு மாதம்.

அழுகலை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். இலை பச்சையாகவே இருக்கும். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல செடியில் மரக்கட்டையாக இருக்கும், அழுகத் தொடங்கியதில் விரல் உள்ளே போகும், தோல் மடியும். நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது கையோடு வந்துவிடும். அந்த நிலைக்குப் போனபின் மருந்து அடித்துப் பலனில்லை.

ஆகவே தொட்டிதான். அடியில் பெரிய ஓட்டையுள்ள மண் தொட்டி. வீட்டின் சன்ஷேடுக்குக் கீழே, வெயில் விழும், மழைச்சாரல் விழாத இடம். கலவையில் பாதிக்கு மேல் சின்ன ஜல்லியும் உடைத்த செங்கல்லும் இருக்கட்டும், மீதி தோட்டமண். தேங்காய்நார்த் தூள் வேண்டாம், அது ஈரத்தை விடாது. கடற்கரை மணலை அள்ளிப் போடுவதும் வேண்டாம்: அதில் உப்பு, பவளச் சுண்ணாம்பு இரண்டும் இருக்கும், அள்ளுவதும் குற்றம். மழை மாதங்களில் தொட்டிக்குத் தண்ணீரே விட வேண்டியதில்லை. தங்கை கப்பலில் ஏற்றி அனுப்புவதாக இருந்தால் வேர்மண்ணை முழுக்கக் கழுவி, காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த வேர் ஒரு வாரம் காய்ந்து கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மண்ணோடு எறும்பும் நூற்புழுவும் நத்தை முட்டையும் பயணம் செய்யும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இருந்த காலத்தில் வந்ததாகச் சொல்லும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை, இன்றுவரை தீவுக்காரர்களின் காய்கறிப் பாத்தியை மேய்ந்துகொண்டிருக்கிறதே, அந்த ஒன்று போதும்.

புன்னைக்கு வருவோம். அதற்கு உங்கள் ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; அந்தமான் கடலோரக் காட்டின் சொந்த மரம். அதன் காய் கடலில் மிதந்து கரை கரையாகப் போய் முளைப்பது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுதான். இலையை ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாக, இடைவெளியே தெரியாமல், இணையாக ஓடும் நரம்புகள். மேலே பளபளவென்று தடித்த தோல். கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்தத் தோலில் படிந்து, அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள் மகரந்தம், நல்ல மணம். கடற்பக்கம் ஒரு மரம் நின்றால் வீட்டுக்குக் காற்றுத் தடுப்பும் ஆயிற்று, மதிய நிழலும் ஆயிற்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உப்புக்காற்றைத் தாங்கும் என்பதால் உப்புத்தண்ணீரில் நிற்கும் என்று நினைக்காதீர்கள். அது கண்டல் மரம் இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் என்னும் ஊரில் நெல் வயலாக இருந்த இடத்தில் கடல் வந்து நின்றுவிட்டது. உங்கள் மனையிலும் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தின்போது தண்ணீர் ஊறி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நின்றால் இரண்டடி மேடு கட்டி அதில் நடுங்கள்.

குறைகளையும் கேளுங்கள். மெதுவாக வளரும், நிழலுக்கு ஆறேழு ஆண்டு பொறுக்க வேண்டும். பிறகு அகலமாகப் படரும், சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி நட வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் இடத்துக்கு ஒரே ஒரு புன்னைதான், கடற்பக்க மூலையில். இரண்டு வேண்டாம். காய் உருண்டையாக, வழவழப்பாக விழும்; நடைபாதைக்கு மேல் கிளை வந்தால் காலில் உருண்டு ஆளைச் சாய்க்கும். வௌவாலும் வரும். பருப்பில் எடுக்கும் எண்ணெய் அந்தக் காலத்தில் விளக்குக்கும் படகுக்கும் போனது, சாப்பிட உதவாது. கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

வாசலின் இரண்டு பக்கமும் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால் பன்னீர் மரம் வையுங்கள். திருச்செந்தூரில் இலையில் விபூதி தருகிறார்களே, அந்தப் பன்னீர். அதுவும் உங்கள் கடற்கரைக்குச் சொந்தம். சிறிய மரம், வெட்டினாலும் தாங்கும், அந்தியில் பூத்து இரவெல்லாம் மணக்கும். என்னைக் கேட்டால் வீட்டு வாசலுக்குப் புன்னையைவிட இதுதான் அழகு. ஆனால் காற்றைத் தடுக்கிற வேலை இதனால் ஆகாது. தீவுகளின் மாநில மரம் படாக் என்பதால் அதைக் கேட்டும் சிலர் எழுதுகிறார்கள். நூறடி உயரமும் பலகை வேரும் உள்ள காட்டு மரம் அது, வீட்டு மனையில் வைக்கிறதில்லை.

புன்னைக் கன்றுக்கு வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள். விதை போடுவதென்றால் ஊர்ச் சாலையோர மரத்தடியில் பொறுக்குங்கள். வண்டூர்ப் படகுத்துறைக்கு அப்பால் 1983 முதல் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது, காயும் அப்படித்தான். ஓட்டோடு புதைத்தால் முளைக்க இரண்டு மாதம் ஆகும். ஓட்டை உடைத்து, பருப்பு சிதையாமல் எடுத்துப் போட்டால் மூன்று, நான்கு வாரத்தில் வந்துவிடும்.

முதல் இரண்டு கோடையில் புன்னைக்கும் தண்ணீர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு வாளி, பாத்திரம் கழுவிய தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, சோப்பு அதிகம் இல்லாமல். வேரடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வையுங்கள்; அதனடியில் பகலில் ஒதுங்கும் நத்தைகளைத் தினமும் எடுத்துப் போட்டுவிடலாம். பருவமழை உங்களுக்குத்தான் நாட்டிலேயே முதலில் வரும், வழக்கமாக மே மூன்றாவது வாரத்தையொட்டி. அதற்குள் இரண்டடிக் குழி வெட்டி, மக்கிய சாணம் போட்டு ஆறவிட்டு, முதல் நல்ல மழைக்கு மறுநாள் மாமனார் கையால் நட்டுவிடுங்கள்.