முழம் போடாதே, எடை போடு

அன்பு பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உங்கள் பள்ளியிலிருந்து ஒரு குழுவாகப் போகிறீர்கள், தலைப்பு ‘பிளாஸ்டிக் ஒழிப்பு’, மாடலுக்குத் தெர்மாகோல் வாங்கியாகிவிட்டது, சார்ட் எழுதித் தர டவுன் ஹால் ரோட்டில் ஆள் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில், “பெரியம்மா, எப்படிப் பேசினால் பரிசு கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்தத் தெர்மாகோலைக் கடையில் திருப்பிக் கொடு. பிளாஸ்டிக் ஒழிப்புக்குத் தெர்மாகோலில் மாடல் செய்து தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளை நடுவர் மேசையில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன். சிரிக்காமல் மதிப்பெண் போடுவது சிரமம்.

நீ போகப்போவது கண்காட்சி இல்லை. பள்ளிக் கண்காட்சியில் எரிமலை புகை விடும், காற்றாலை சுற்றும், பார்க்கிறவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். 1993-இல் நாடு முழுக்கத் தொடங்கிய இந்த மாநாட்டை நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிறது. இதன் எதிர்பார்ப்பு வேறு. பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து, ஆராய்ந்து, கண்டதை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். மாடல் கட்டாயமே இல்லை. நடுவர் எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருவார்: “இது உனக்கு எப்படித் தெரியும்?” ‘கூகுளில் பார்த்தோம்’, ‘டீச்சர் சொன்னாங்க’ என்கிற இரண்டு பதிலுக்கும் அங்கே மதிப்பில்லை. ‘நாங்களே அளந்து பார்த்தோம்’ என்று சொல்ல ஒரே ஒரு விஷயமாவது உங்களிடம் இருக்க வேண்டும்.

அதனால் தலைப்பைச் சுருக்கு. பிளாஸ்டிக் ஒழிப்பு என்பது அரசாங்கத்தின் வேலை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. அப்படியிருந்தும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ வாங்கினால் இன்னும் பாலிதீன் கவரில் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன. கேட்டால், “கவர்லதாம்மா வாடாம இருக்கும்” என்பார்கள். இது உண்மையா? உங்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. உன் குழுவில் ஒரு பிள்ளையின் அம்மா பூக்கட்டுகிறவர் என்று சொன்னாயே, பாதி ஆய்வகம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைப் பற்றிப் பெருமை பேச ஊரில் ஆயிரம் பேர் உண்டு. எதில் சுற்றினால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கோடு சொல்கிற பிள்ளைகள்தான் குறைவு.

செய்முறையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், கோட்டை விடுவது இங்கேதான்.

மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள், சாயங்காலம் அது விரியும். ஆகவே ஒரே தோட்டத்தில், ஒரே நேரத்தில் பறித்த மொட்டாக வாங்குங்கள். மொத்தத்தையும் கலந்துவிட்டு நூறு நூறு கிராமாக நான்கு பங்கு பிரியுங்கள். ஒன்று வாழையிலையில், ஒன்று ஈரத்துணியில், ஒன்று பாலிதீன் கவரில். நான்காவது எதிலும் சுற்றாமல் தட்டில் கிடக்கட்டும். அந்த நான்காவதைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லையென்றால் மற்ற மூன்றும் வீண். நான்கையும் ஒரே நிழலில் வை, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போடு. ஒவ்வொரு பங்கிலும் ஐம்பது மொட்டைத் தனியாக எண்ணி வைத்து, அதில் எத்தனை விரிந்தது, எத்தனை பழுத்தது என்றும் எழுது.

காய்கறிக்கடைத் தராசு இதற்கு உதவாது. அது ஐந்து கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாது, உனக்குத் தேவை ஒரு கிராம், அரை கிராம் வித்தியாசம். பள்ளி ஆய்வகத்து டிஜிட்டல் தராசைக் கேட்டு வாங்கு. முழத்தில் அளந்து எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. பூக்காரம்மாவுக்குப் பூக்காரம்மா முழம் மாறும். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தும் மாறும்.

ஈரத்துணியில் ஒரு பொறி இருக்கிறது. துணியின் ஈரம் பூவில் ஒட்டிக்கொண்டு எடை கூடியதுபோலக் காட்டும். ‘ஈரத்துணியில் வைத்த பூ வளர்ந்தது’ என்று நீ சார்ட்டில் எழுத, நடுவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பூவை மட்டும் எடுத்து, மேலே உள்ள நீரைக் காகிதத்தால் ஒற்றிவிட்டு எடை போடு. அப்படி ஒற்றினாய் என்பதையும் அறிக்கையில் எழுது.

ஒரு நாள் செய்துவிட்டு முடிவு சொல்லாதே. வெயில் நாளில் ஒன்று, மேகம் போட்ட நாளில் ஒன்று என்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் சராசரி என்ற சொல்லுக்கு அர்த்தம். பூ வாங்கும் செலவு ஒரு பிரச்சினைதான். மார்கழி, தையில் பனியால் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது உங்கள் பாக்கெட் மணி தாங்காது. அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மார்க்கெட்டுக்கு விவரம் கேட்கப் போவதானால், ஏலம் நடக்கும் நேரத்தில் போய் நோட்டை நீட்டாதே. கூட்டம் ஓய்ந்தபின் போ. வெளியூருக்குப் பூ அனுப்புகிறவர்கள் ஐஸ் வைத்து எப்படிக் கட்டுகிறார்கள், ஏன் அப்படி என்று கேள்.

கேள்வி சின்னதாக இருக்கிறதே என்று உனக்குத் தோன்றலாம். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறதே, அங்கே வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கையில் எடுத்ததும் சின்ன விஷயம்தான்: கழிவு பிளாஸ்டிக்கைத் துருவலாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்துமா, அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்குமா? 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுப் பார்த்தார். பிறகுதான் காப்புரிமை, பிற ஊர்களில் சாலைகள், 2018-இல் பத்மஸ்ரீ. வளாகத்துச் சாலை முதலில் வந்தது என்பதைக் கவனி.

இனி குழு விஷயம். ஒருத்தி எழுத, ஒருத்தி பேச, மற்றவர்கள் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது குழு இல்லை. பேசுகிறவளை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கிற பிள்ளையிடம்தான் நான் முதல் கேள்வி கேட்பேன். “ஏன் நூறு கிராம் எடுத்தீங்க?” அவள் திருதிருவென்று விழித்தால் முடிந்தது. எல்லோரும் எடை போட வேண்டும், எல்லோர் கையெழுத்தும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் இப்போதே பேசி முடியுங்கள். சில போட்டிகளில் அடுத்த கட்டத்துக்குக் குழுத் தலைவரை மட்டுமே கூப்பிடுவார்கள். யார் போவது என்பதை ஜெயித்தபிறகு பேசினால் சிநேகம் போய்விடும். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை கூச்சப்படுகிறாள் என்பதற்காக அவளை ஒதுக்கிவிடாதே. மொட்டைத் தொட்டுப் பார்த்தே எப்போது விரியும் என்று சொல்லக்கூடியவள் அவள்தான்.

வழிகாட்டி ஆசிரியரிடம் யோசனை கேள், திருத்தம் கேள். அறிக்கையை அவரை எழுத விடாதே. பிள்ளைகளின் நடை எது, பெரியவர்களின் நடை எது என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

குறிப்பேடு ஒன்று போடு. தேதி, நேரம், வெப்பம், எடை, யார் எடுத்தது, எல்லாம் அன்றன்றைக்கே. அடித்தல் திருத்தலோடு, பூச்சாறு பட்ட கறையோடு இருக்கட்டும். அழகாகப் படியெடுத்த நோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒருநாள் கரண்ட் போய், தராசு பாதியில் நின்று, கணக்கு கெட்டுப்போனால் அதையும் எழுது, மறைக்காதே. திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நினைவிருக்கிறார்களா? நாடெங்கும் 75 பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோளில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பிய அது, 356 கி.மீ. உயரத்து வட்டப்பாதையில் நிற்காமல், ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்கிற நீள்வட்டப் பாதைக்குப் போய் வீணானது. பிள்ளைகள் செய்ததில் குறை இல்லை. இரண்டாம் நிலை கழன்றபோது ஏற்பட்ட அதிர்வில் உணரிகள் பழுதாகிவிட்டதாக ராக்கெட்டின் கணினி தப்பாக முடிவெடுத்துவிட்டது. இஸ்ரோ காரணத்தைக் கண்டுபிடித்து வெளிப்படையாகச் சொன்னது, திருத்தியது, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. இஸ்ரோவே தவறை எழுதி வைக்கும்போது உனக்கென்ன வெட்கம்?

பேச்சைப் பற்றிக் கேட்டாய். மனப்பாடம் வேண்டாம். மனப்பாடம் செய்த பிள்ளையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் மறுபடி ‘மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே’ என்று தொடங்கும். கேள்வி என்ன, எப்படிப் பார்த்தோம், என்ன கிடைத்தது, எது இன்னும் புரியவில்லை என்கிற வரிசையில் வீட்டில் தாத்தாவிடம் சொல்லிப் பழகு. அவருக்குப் புரிந்தால் நடுவருக்குப் புரியும். தெரியாததைக் கேட்டால், ‘அதை நாங்க பார்க்கலை சார்’ என்று நிமிர்ந்து சொல். அப்படிச் சொன்ன பிள்ளைக்கு நான் ஒருபோதும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை.

ஒருவேளை பாலிதீன் கவர்தான் சிறந்தது என்று முடிவு வந்தால்? அப்படியே சொல். ‘வாழையிலை இத்தனை மணி நேரம் பின்தங்குகிறது, ஆனால் காலையில் வாங்கி மாலையில் சூடிக்கொள்கிறவருக்கு அது போதும்’ என்று கணக்கோடு காட்ட முடியுமா பார். முடியாவிட்டால் அதையும் ஒத்துக்கொள். முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு எடை போடுகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், நீ வேண்டாம்.

பரிசு பற்றி நான் உறுதி தர முடியாது. காசு கொடுத்துச் செய்த பளபளப்பு சில மேசைகளில் ஜெயிக்கத்தான் செய்கிறது. எல்லா நடுவரும் பொறுமையாகக் குறிப்பேட்டைப் புரட்டுவதில்லை. புரட்டுகிறவர் வரும்போது உன் குறிப்பேட்டில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே முதல் எடையைப் போட்டுவிடுங்கள். முதல் ஐந்து பக்கம் நிரம்பியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சார்ட்டை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
பெரியம்மா