வெள்ளிப் படலம் படிக்கும் பாடம்



ரெசிஸ்டர், கெபாசிட்டர், இண்டக்டர் மூன்றையும் முதலாமாண்டு லேபிலேயே கையில் பிடித்துப் பார்த்துவிட்டோம். நான்காவதாக ஒருவர் இருக்கிறார், தெரியுமா? அவர்தான் மெம்ரிஸ்டர். 'மெமரி'யும் 'ரெசிஸ்ட'ரும் சேர்ந்த பெயர். இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1971-ல் லியோன் சுவா கணக்குப் போட்டுச் சொன்னார். 2008-ல் எச்.பி. ஆய்வுக்கூடத்தார் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்துச் செய்து காட்டினார்கள். தன் வழியே போன கரண்டை ஞாபகம் வைத்துக்கொண்டு ரெசிஸ்டன்ஸை மாற்றிக்கொள்வதுதான் இதன் குணம்.

மூளை என்னும் சிக்கனக்காரர்

நம் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் இடம் வேறு, ஞாபகம் வைக்கும் இடம் வேறு. ஒவ்வொரு ஃபைலுக்கும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் டிரெயினில் போய் வருவது போலத்தான். வேலையைவிட அலைச்சல் அதிகம். கரண்ட் செலவும் அதிகம்.

மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அத்தனைக்கும் செலவு ஏறக்குறைய 20 வாட்தான்! காரணம், இரண்டு நியூரான்கள் சந்திக்கும் 'சினாப்ஸ்' என்ற இணைப்பிலேயே வேலையும் ஞாபகமும் சேர்ந்து நடக்கின்றன. அந்த இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கி, காலி மனைகளின் குறுக்கே நாங்கள் வீட்டுக்கு நடப்போம். பத்துப் பேர் தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். லீவு நாளில் யாரும் நடக்காவிட்டால் புல் மூடிவிடும். சினாப்ஸும் அப்படித்தான். சிக்னல் திரும்பத் திரும்ப வந்தால் பலப்படும், வராவிட்டால் தளரும்.

பெங்களூரில் செய்த சோதனை

பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தார் இதை வெள்ளியில் செய்து பார்த்து 2021-ல் அறிவித்தார்கள். மெல்லிய வெள்ளிப் படலத்தைச் சூடாக்கினால், சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிவது போல அது தனித்தனித் தீவுகளாக உடையும். தீவுகளுக்கு நடுவே நானோ இடைவெளிகள். அவற்றில் பொடிப்பொடி வெள்ளித் துகள்கள். தீவுதான் நியூரான், துகள்தான் நரம்பில் செய்தி கடத்தும் ரசாயனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் பல்ஸ் கொடுத்தால் வெள்ளி நகர்ந்து இடைவெளியில் பாலம் கட்டும். கொஞ்சமாகக் கொடுத்தால் பாலம் சீக்கிரம் கலைந்துவிடும். இது குறுகிய கால ஞாபகம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் நிலைத்துவிடும். இது நீண்ட கால ஞாபகம். மணியடித்தாலே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைக்கூட இதில் நடித்துக் காட்டினார்கள். அளவுக்கு மீறிப் 'படிக்க' வைத்தால் இதுவும் களைத்துப் போகிறது. பிறகு தானே தேறிக்கொள்கிறது!

2024-ல் அதே பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தார், ஒரே மெம்ரிஸ்டரில் சுமார் 16,500 நிலைகளை வைக்கலாம் என்று காட்டினார்கள். சாதாரண பிட்டுக்கு இரண்டே நிலைகள்தானே!

நமக்கு என்ன?

வெள்ளிப் படலம் யோசிக்காது. அதை மூளை என்று சொல்லிவிட முடியாது. மூளையின் ஒரு குணத்தைக் காப்பியடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு இதில் சொந்தப் பாடம் ஒன்று இருந்தது. முதல் செமஸ்டரில் மேத்ஸை ஒரே ராத்திரியில், விடிய விடியப் படித்தேன். ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. அரியர்! "எனக்கு மண்டையே இல்லடா" என்று நண்பனிடம் புலம்பினேன். படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அடுத்த முறை தினம் அரை மணி நேரம், போட்ட கணக்கையே மறுபடி போட்டேன். பாஸ்!

மண்டையில் கோளாறு இல்லை நண்பர்களே, பல்ஸ் கொடுத்த விதத்தில்தான் கோளாறு. அரியர் வைத்திருக்கும் தோழர்கள் இதை மனதில் வையுங்கள். தினமும் நடங்கள், பாதை தானே விழும்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு